பாட்டு வாயால் வாழும், பெயர் ஏட்டால் வாழும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில், மாணவர் பட்டிமன்றத்தின் நிறைவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பாப் இசையில் பெரும்புகழுக்கு உரியவர் ஒரு பாட்டை முதலிற் பாடியவரா, பின்னர் அதனைப் பாடிப் பாரெங்கும் பரப்பியவரா?' என்பது இன்றைய பட்டிமன்றத்தின் தலைப்பு. விதையின்றி விளைச்சல் இல்லை. ஆகவே முதலிற் பாடியவரே பெரியர் என்றது ஓரணி. குதிரில் கிடக்கும் விதையால் எவர் பசி தீரும்? அள்ளி விதைத்தவரே பெரியர் என்றது மறு அணி. இரண்டு வாதங்களையும் நான் மகிழ்ந்து கேட்டேன். தீர்ப்புக் கூறும் கடமையை என்மேல் சுமத்தியிருக்கிறீர்கள். தீர்ப்புக்கு முன் இரு அணியினரும் கூப்பிட மறந்த ஒரு சாட்சியை இம்மன்றத்திற்கு அழைக்க விரும்புகிறேன். அந்தச் சாட்சி மனிதனன்று. ஒரு துண்டுக் காகிதம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டைப் பற்றி நம் ஊர்ப் பிள்ளைகள் ஏன் வாதிட வேண்டும் என்று இங்கே எவரேனும் எண்ணலாம். அவர்க்கு ஒன்று சொல்வேன். மகாத்மா ஜோதிராவ் புலே 1873-ஆம் ஆண்டில் தாம் எழுதிய 'குலாம்கிரி' என்னும் நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1972-இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர் இயக்கம், அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளை நினைந்தே தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டது. ஆதலால் அம்மக்களின் பாட்டு நமக்கு முற்றிலும் அயலார் பாட்டன்று.

இனி வழக்கிற்கு வருவோம். ஒருவர் பாடி வெளியிட்ட பாட்டை மற்றொருவர் பாடி இசைத்தட்டாக வெளியிடுவதை ஆங்கிலத்தில் 'கவர்' என்பர். நாம் அதனை மறுபதிவு என்போம். அமெரிக்காவில் 1949 வரை கறுப்பினப் பாடகர்களின் இசைத்தட்டுகளை 'இனத் தட்டுகள்' என்றே வாணிக ஏடுகள் தனிப் பட்டியலிட்டன. அவ்வாண்டில் 'பில்போர்டு' என்னும் இசை வாணிக ஏடு அப்பெயரை நீக்கி 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று மாற்றியது. பெயர் மாறிற்று; பட்டியல் தனியாகவே நின்றது. தனிக் குவளை தெரிந்த நமக்குத் தனிப் பட்டியலின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சூழலில் ஒரு வழக்கம் பெருகிற்று. கறுப்பினப் பாடகர் ஒருவரின் பாட்டு மக்களிடையே பற்றிக்கொள்ளும் அறிகுறி தோன்றியதும், வெள்ளையர் ஒருவரைக் கொண்டு அதே பாட்டைப் பதிவுசெய்து விரைந்து சந்தைக்கு அனுப்புவார்கள். லிட்டில் ரிச்சர்ட் 1955-இல் 'டூட்டி ஃபுரூட்டி'யைப் பாடினார். சில மாதங்களில் பேட் பூன் அதனைப் பாடினார். பொதுப் பட்டியலில் லிட்டில் ரிச்சர்ட் 17-ஆம் இடம் வரை ஏறினார். பேட் பூன் 12-ஆம் இடத்தை எட்டினார். இன்று அவ்விரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்பவர், எதில் உயிர் துடிக்கிறது என்பதை ஒரு நொடியில் அறிவார். காலம் தன் தீர்ப்பை வழங்கிவிட்டது. ஆனால் காலத்தின் தீர்ப்பு தாமதமாகவே வருகிறது. அது வரும்வரை வயிறு காத்திராது.

லாவெர்ன் பேக்கர் என்னும் பாடகி 1954-இல் 'ட்வீடில் டீ' என்னும் பாட்டைப் பதிவுசெய்தார். அதே பாட்டை, அதே இசைக்கோப்புடன், ஜார்ஜியா கிப்ஸ் என்னும் வெள்ளையினப் பாடகி பாடி, பொதுப் பட்டியலில் பேக்கரைவிட உயரே சென்றார். பேக்கர் ஓய்ந்திருக்கவில்லை. 1955-இல் மிச்சிகன் மாநிலத்தின் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் சார்லஸ் டிக்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். 1909-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை.

அச்சட்டம் என்ன சொல்லிற்று? ஒரு பாட்டு ஒருமுறை தட்டில் பதிவாகிவிட்டால், பிறகு எவர் வேண்டுமாயினும் அதனைப் பாடிப் பதிவுசெய்யலாம். ஒரு தட்டுக்கு இரண்டு சென்ட் வீதம் பாட்டின் உரிமையாளருக்குச் செலுத்தினால் போதும். கவனியுங்கள்: பாட்டின் உரிமையாளருக்கு. பாடியவர்க்கு அன்று. குரலுக்கும், பாடும் முறைக்கும், இசைக்கோப்புக்கும் சட்டம் விலை வைக்கவில்லை. பதிவான ஒலிக்கே கூட்டரசுச் சட்டத்தின் காப்பு 1972-இல்தான் கிடைத்தது. 'ட்வீடில் டீ'யை எழுதியவர் வேறொருவர். ஆகவே பேக்கரின் உழைப்பு பேக்கருக்குச் சொந்தமாகவில்லை. அவர் கடிதத்தால் அன்று சட்டம் திருந்தவில்லை. எனினும், அநீதியை ஏட்டில் எழுதி வைத்தாரே, அதனால்தான் இன்றும் நாம் அதனைப் பேசுகிறோம்.

இதற்கு நேர்மாறான ஒரு செய்தியையும் கேளுங்கள். அதே 1955-இல் ஃபேட்ஸ் டாமினோ என்னும் நியூ ஆர்லியன்ஸ் கலைஞரின் 'எய்ன்ட் தட் எ ஷேம்' என்னும் பாட்டையும் பேட் பூன் மறுபதிவு செய்தார். அது பொதுப் பட்டியலில் முதலிடத்தையே பிடித்தது. ஆனால் டேவ் பார்தலோமியூவுடன் சேர்ந்து அப்பாட்டை இயற்றியவர் டாமினோ. அவர் பெயர் ஏட்டில் இருந்தது. ஆகவே பூன் பாடிய தட்டு விற்க விற்க டாமினோவுக்கும் பங்கு சேர்ந்தது. பேக்கரும் டாமினோவும் ஒரே காலத்தவர். ஒரே அநீதிக்கு ஆளானவர்கள். ஒருவர் வெறுங்கையோடு நின்றார், மற்றவர் நிற்கவில்லை. இடையில் இருந்தது அந்தக் காகிதம்.

பிக் மாமா தார்ன்டன் என்னும் பெருங்குரலாளர் 1952-இல் 'ஹவுண்ட் டாக்' பாட்டைப் பதிவுசெய்தார். ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் என்னும் இரு வெள்ளையின இளைஞர்கள் இயற்றிய பாட்டு அது. 1953-இல் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. 1956-இல் எல்விஸ் பிரெஸ்லி அதனைப் பாடினார், உலகமே ஆடிற்று. எல்விஸை நான் திருடர் என்று சொல்லமாட்டேன். அவர் கறுப்பின இசையைக் காதலித்தவர். ஆர்தர் குருடப் போன்ற மூத்தோரிடம் கற்றதை வெளிப்படையாகக் கூறியவர். ஆனால் அந்தக் குருடப்பின் நிலை என்ன? அவர் 1946-இல் தாமே இயற்றிப் பாடிய 'தட்ஸ் ஆல் ரைட்' என்னும் பாட்டுத்தான் 1954-இல் எல்விஸின் முதல் தட்டாக வெளிவந்தது. குருடப் தமக்குரிய தொகையை முறையாகப் பெறாமலேயே, கூலி வேலையும் செய்து வாழ்ந்து 1974-இல் மறைந்தார். பாட்டை இயற்றினால் மட்டும் போதாது. அதன் உரிமை எவர் கையில் இருக்கிறது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

மறுபதிவு என்றாலே கொள்ளை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஓடிஸ் ரெடிங் 1965-இல் 'ரெஸ்பெக்ட்' என்னும் பாட்டை இயற்றிப் பாடினார். உழைத்துக் களைத்து வீடு திரும்பும் கணவன், மனைவியிடம் மதிப்பை வேண்டும் பாட்டு அது. 1967-இல் அரீத்தா ஃபிராங்க்ளின் அதனைப் பெண்ணின் வாய்மொழியாக மாற்றினார். மதிப்பு என்னும் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்லும் பகுதி ரெடிங்கின் பதிவில் இல்லை; அரீத்தாவின் பதிவில் வந்தது. இரந்து கேட்ட சொல் உரிமைக் குரலாயிற்று. கறுப்பின மக்களின் விடுதலைப் போருக்கும் பெண்களின் உரிமைப் போருக்கும் அது பண்ணாயிற்று. அந்தப் பெண் தம் பாட்டைத் தம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று ரெடிங்கே மேடையில் விளையாட்டாக ஒப்புக்கொண்டார். மறுபாட்டு முதற்பாட்டை வென்ற இடம் இது. ஆயினும் இங்கும் காகிதத்தின் வேலையைப் பாருங்கள். அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் இயற்றியவர் தரப்புக்குத்தான் தொகை உண்டு; பாடியவர்க்கு இன்றளவும் இல்லை. அரீத்தா தம் குரலால் உயிரூட்டிய பாட்டு வானொலியில் ஒலித்தபோதெல்லாம் அவர்க்கென்று அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை.

அன்பார்ந்த இளைஞர்களே, இனி நான் சொல்லப்போவது அமெரிக்காவில் தொடங்கிய கதையன்று. ஆப்பிரிக்காவில் தொடங்கி அமெரிக்காவுக்குச் சென்ற கதை. இதைச் சொல்லவே இம்மேடைக்கு வந்தேன்.

தென்னாப்பிரிக்காவின் நாட்டால் பகுதியில் 1909-இல் பிறந்தவர் சாலமன் லிண்டா, சூலு இனத்தவர். பிழைப்புத் தேடி ஜோகனஸ்பர்க் நகரம் சென்று, கேலோ இசைத்தட்டு நிறுவனத்தில் தட்டுகளைக் கட்டும் தொழிலாளியானார். எழுதப் படிக்க அறியாதவர். 'ஈவினிங் பேர்ட்ஸ்' என்னும் குழுவைச் சேர்த்து அவர் பாடிவந்தார். 1939-இல் அந்த நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே 'ம்பூபே' என்னும் பாட்டைப் பதிவுசெய்தார்கள். ம்பூபே என்றால் சிங்கம். தோழர்கள் தாழ்ந்த குரலில் ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிப் பாட, லிண்டாவின் குரல் வானளாவி எழும். மூன்றாம் முறை பாடியபோது, முடிவில், முன்னேற்பாடு ஏதுமின்றி அவர் வாயில் ஒரு மெட்டுப் பிறந்தது. உலகம் இன்றும் முணுமுணுக்கும் மெட்டு அது. பத்தாண்டுக் காலத்தில் அத்தட்டு ஏறத்தாழ ஒரு லட்சம் படிகள் விற்றது. அந்த இசை வகைக்கே 'ம்பூபே' என்று பெயர் வந்தது.

நாட்டார் இசை ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் வழியாக அத்தட்டு நியூயார்க்கில் பீட் சீகர் என்னும் பாடகரின் கைக்குச் சென்றது. சூலுச் சொல் அவர் காதில் 'விமொவே' என்று விழுந்தது. அவருடைய 'வீவர்ஸ்' குழு அப்பெயரிலேயே பாடிப் புகழ்பெற்றது. இயற்றியவர் என்னும் இடத்தில் பால் கேம்பெல் என்றொரு பெயர் அச்சாயிற்று. அப்படி ஒருவர் இல்லை. அது குழுவினரின் புனைபெயர். 1961-இல் ஜார்ஜ் வெய்ஸ் என்பவர் ஆங்கிலச் சொற்களை எழுதிச் சேர்க்க, 'டோக்கன்ஸ்' குழு பாடிய 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. இவ்வாறு சிங்கம் உலகைச் சுற்றிற்று. சிங்கத்தைப் பாடியவன் பெயர் சுற்றவில்லை.

லிண்டா என்ன பெற்றார்? 1952-இல் பத்து ஷில்லிங்குக்குப் பாட்டின் உரிமையை எழுதிக் கொடுத்திருந்தார். படிக்கத் தெரியாதவர் முன் நீட்டப்பட்ட காகிதம் அது. உண்மை அறிந்த சீகர் ஆயிரம் டாலர் அனுப்பினார். அவருடைய நல்லெண்ணத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நல்லெண்ணம் ஒருமுறை வரும். உரிமையே ஆண்டுதோறும் வரும். 1962-இல் லிண்டா வறுமையில் மறைந்தார். கல்லறைக்கு ஒரு கல் நாட்டவும் குடும்பத்தால் பல ஆண்டுகள் இயலவில்லை. 1994-இல் வந்த 'தி லயன் கிங்' திரைப்படத்திலும் அப்பாட்டு ஒலித்தது.

2000-ஆம் ஆண்டில் ரியான் மலான் என்னும் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் இந்த வரலாறு முழுவதையும் தேடி எழுதி வெளியிட்டார். அதன்பின் வழக்கறிஞர்கள் பழைய சட்டம் ஒன்றைத் தூசு தட்டி எடுத்தார்கள். பிரித்தானியப் பேரரசின் 1911-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. ஆசிரியர் தம் உரிமையை எவர்க்கு விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகள் கழிந்ததும் அது அவருடைய வழித்தோன்றல்களிடமே திரும்பும் என்பது அவ்விதி. அதன்படி 1987-லேயே உரிமை லிண்டாவின் பெண்மக்களுக்குத் திரும்பியிருந்தது; சொல்வார் இல்லை. 2004-இல் டிஸ்னி நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தனர். 2006-இல் உடன்பாடு ஏற்பட்டது. பாட்டை இயற்றியவர்களுள் ஒருவராகச் சாலமன் லிண்டாவின் பெயர் ஏற்கப்பட்டது. குடும்பத்திற்குத் தொகையும் கிடைத்தது. பாட்டுப் பிறந்து 67 ஆண்டுகள். பாடியவர் இறந்து 44 ஆண்டுகள்.

எண்ணிப் பாருங்கள். காகிதம் அறியாமையால் போன பெயரை மீட்டுத் தந்ததும் காகிதமே. ஒரு கட்டுரை, ஒரு சட்டநூல், ஒரு வழக்கு. பறித்த கருவியும் எழுத்து. மீட்ட கருவியும் எழுத்து.

அதே சூலு இசை மரபில் வந்தவர் ஜோசப் ஷபலாலா. 'லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ' குழுவின் தலைவர். 1986-இல் பால் சைமன் தம் 'கிரேஸ்லேண்ட்' தொகுப்பில் அவர்களுடன் சேர்ந்து பாடியபோது, 'ஹோம்லெஸ்' என்னும் பாட்டை இயற்றியவர்களாகச் சைமன், ஷபலாலா என இரு பெயர்களும் அச்சாயின. லிண்டாவுக்கு வாராத இரண்டாம் பெயர் ஷபலாலாவுக்கு வந்தது. இதுவும் உலகில் நடக்கக்கூடியதே என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் நாட்டுச் சட்டத்தையும் நீங்கள் அறிந்திருத்தல் நலம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டது. திரைப்படத்திற்காக எழுதிய பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய உரிமைத்தொகையைப் பெறும் உரிமையைத் தம் வாரிசுகளுக்கோ, தொகை திரட்டும் சங்கத்திற்கோ அன்றி வேறு எவர்க்கும் எழுதிக் கொடுக்க இயலாது; எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. சட்டம் தரும் உரிமத்தைக் கொண்டு ஒரு பாட்டை மறுபதிவு செய்வோர், முதற்பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். இது மறுபதிவு என்று உறையில் அறிவித்தலும் வேண்டும். உங்களுள் பாடுவோரும், பறை முழக்குவோரும், பாட்டுக் கட்டுவோரும் இருக்கிறீர்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் நீட்டப்படும் தாளை முதல் வரி முதல் கடைசி வரி வரை படியுங்கள். புரியாவிட்டால் கையெழுத்திடாமல் வீட்டுக்கு எடுத்து வந்து, படித்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

இந்த அறிவுரையைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். என் இளமையில் எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருந்தார். நடவுக்குச் சென்றால் அவர் பாட்டுக்குத்தான் நாற்று நடப்படும். பழம்பாட்டை மட்டும் பாடுபவரல்லர். அன்றன்று கண்டதை அன்றன்றே பாட்டாகக் கட்டுவார். ஆண்டை அளந்த குறைநெல்லும் அதில் வரும். அடுத்த ஊர்த் திருவிழாவும் அதில் வரும். பல ஆண்டுகள் கழித்து, அவர் கட்டிய மெட்டு ஒன்றை ஒரு வானொலி நிகழ்ச்சியில் கேட்டேன். 'கிராமியப் பாடல்' என்று அறிவித்தார்கள். சினம் பொங்கிற்று. முறையிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'இப்பாட்டைக் கட்டியவர்' என்று தொடங்கிய இடத்திலேயே பேனா நின்றுவிட்டது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஊரே அவரைப் 'பெரியாத்தா' என்று அழைத்தது. நானும் அவ்வாறே அழைத்தேன். அத்தெருவில் முதன்முதல் பள்ளிக்குச் சென்றவன் நான். கையில் சிலேட்டும் பலப்பமும் இருந்தன. 'உங்கள் பெயர் என்ன, ஆத்தா?' என்று ஒருநாளும் கேட்டேனில்லை. ஓர் அடியும் எழுதி வைத்தேனில்லை. வானொலியார் செய்தது ஒரு பிழை என்றால், எழுதத் தெரிந்த நான் எழுதாமல் விட்டது இன்னொரு பிழை. அந்தக் கடிதம் இன்றுவரை முடியவில்லை.

ஆகவே தீர்ப்பைக் கூறுகிறேன். முதலிற் பாடியவர் பெரியரா, பின்பு பாடியவர் பெரியரா என்னும் வழக்கில் இரு அணியும் வென்றன என்று சொல்லி நழுவிக்கொள்ள மாட்டேன். பாட்டு நிலைத்து வாழ்வதற்குப் பின்பு பாடும் வாய்கள் வேண்டும்; அவ்வகையில் இரண்டாம் அணி சொன்னது சரி. ஆனால் பெயரும் பங்கும் முதற்குரலுக்குச் சென்ற பிறகே பின்பு பாடுபவர்க்குப் பெருமை உண்டு. பெயரை மறைத்துப் பாடும் குரல் எத்துணை இனியதாயினும், அதனைப் புகழ இம்மன்றம் கடமைப்பட்டதன்று. எனவே தீர்ப்பு முதல் அணிக்கே. அவ்வணிக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: பாட்டு வாயால் வாழும், பெயர் ஏட்டால் மட்டுமே வாழும். ஏடு எழுதாதவன் பிறகு நியாயம் கேட்டு நிற்கும்போது, அவனுக்குச் சாட்சி இராது.

இச்சங்கம் 25 ஆண்டுகளாக நமக்குத் தந்துவருவது அந்த ஏட்டைத்தான். இரவுப் பள்ளியில் மண்ணெண்ணெய் விளக்கடியில் கையெழுத்துப் போடக் கற்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரிகளில் இருக்கிறார்கள். அவர்களை ஒன்று கேட்டு அமர்கிறேன். இன்றிரவு வீட்டுக்குச் செல்லுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பாடத் தெரிந்த மூத்தவர் ஒருவர் இருப்பார். அவர் அருகில் உட்காருங்கள். இக்காலத்தில் கைப்பேசியிலேயே குரலைப் பதிந்துகொள்ளலாம். ஆனால் பாட்டைப் பதியுமுன் முதலில் அவர் பெயரைக் கேளுங்கள். பிறந்த ஊரைக் கேளுங்கள். பாட்டை எவரிடம் கற்றார், எதைத் தாமே கட்டினார் என்று கேளுங்கள். நாளைக் குறித்து எழுதி வையுங்கள்.

நான் கேட்கத் தவறிய கேள்வியை நீங்கள் கேட்டுவிட்டால், எழுதி முடியாத என் கடிதத்தை நீங்கள் முடித்து வைத்தவர்களாவீர்கள்.